கேம் ஓடும்போது ப்ராசசர் 100 டிகிரி தொடுது: கோளாறு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தறித்தெரு

வணக்கம். மெஷின் விவரம்: இன்டெல் ஐ7-12700எஃப், ப்ராசசர் பெட்டியோடு வந்த கூலர், பி660 போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி ராம். கேபினட் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதுக்குப் பின்னாடி மூணு ஆர்ஜிபி ஃபேன், பின்பக்கம் ஒண்ணு. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். கேபினட், கம்ப்யூட்டர் டேபிளில் அதுக்குன்னு இருக்கிற மரப்பெட்டிக்குள்ள நிக்குது.

இடம் மதுரை செல்லூர். மேலே மொட்டை மாடி, தெருவில் விசைத்தறி ஓடுது. மத்தியானம் அறைக்குள்ள 36 டிகிரி. சும்மா இருக்கும்போது ப்ராசசர் 50. சைபர்பங்க் 2077 ஆரம்பிச்சுப் பத்து நிமிஷத்தில் 97, 98, அப்புறம் 100. அந்த நேரத்தில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) 80-லிருந்து 50-க்கு விழுது, ஏறுது, மறுபடி விழுது. மார்கழி, தை மாசத்தில் இது இல்லை.

விண்டோஸ் புதுசாப் போட்டாச்சு, பலன் இல்லை. ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுற பேஸ்டை மெஷின் வாங்கினதிலிருந்து மாத்தலை. கடையில் கேட்டால் நேரா வாட்டர் கூலிங் போடச் சொல்றாங்க. காசு போடுறதுக்கு முன்னாடி, கோளாறு கூலரிலா, பேஸ்டிலா, கேபினட்டிலா, இல்லை இந்த வெயில்தானான்னு தெரிஞ்சுக்கணும்.

வாட்கணக்கு

வாங்கும் முன் அளந்து பார்ப்பதுதான் சரியான வழி. ஆனால் வெப்பநிலை என்ற ஒரே எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ப்ராசசர் எத்தனை வாட் எடுக்கிறது, அறை எத்தனை டிகிரி, இவை இரண்டும் கூட வேண்டும். எந்தக் கூலரும் ப்ராசசரை அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரியில் நிறுத்தும், அவ்வளவுதான். கொடைக்கானலில் 20 டிகிரி அறையில் 84 காட்டும் அதே மெஷின், அதே கேமில், உங்கள் 36 டிகிரி அறையில் 100 காட்டும். மார்கழியில் அறை பத்து டிகிரி குறைவாக இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. குறை அப்போதும் இருந்திருக்கும்.

100 டிகிரி என்பது இந்த ப்ராசசருக்கு இன்டெல் வைத்த உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் எஃப்பிஎஸ் விழுவதும் ஏறுவதும் அதனால்தான். உடனே எரிந்துபோகாது, பயப்பட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டவும் கூடாது.

சென்சார் எண்களைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ64 மென்பொருளை இறக்கி, சென்சார்ஸ் மட்டும் என்ற டிக் போட்டுத் திறங்கள். சிபியூ பேக்கேஜ் என்ற வரியில் வெப்பநிலை, சிபியூ பேக்கேஜ் பவர் என்ற வரியில் வாட், கோர் தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைகிறதா) என்ற வரியில் எஸ் அல்லது நோ. கூடவே சிபியூ ஃபேன் ஆர்பிஎம். சோதனை நான்கு: ப்ராசசரை முழுதாக வேலை வாங்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23 மல்ட்டி கோர் பத்து நிமிடம், கேபினட் மூடி ஒருமுறை, பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி ஒருமுறை. அதே மாதிரி கேம், மூடி ஒருமுறை, திறந்து ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெஷின் ஆற இடைவெளி விடுங்கள். அறை வெப்பத்தையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் முறை இது. சினிபெஞ்ச் தொடங்கிய இரண்டு மூன்று நொடியிலேயே 95 தாண்டினால், சூடு ப்ராசசரிலிருந்து கூலருக்குப் போகவே இல்லை: பேஸ்ட் காய்ந்திருக்கலாம், கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது போர்டு கூலரின் தகுதிக்கு மேல் வாட் கொடுக்கலாம். ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல ஏறினால் கூலர் இடுக்கில் அடைப்பு அல்லது கேபினட் காற்று. பலகையைக் கழற்றியதும் கேமில் 8, 10 டிகிரி இறங்கினால் கேபினட்டுக்குள் வெந்நீர் அண்டா மாதிரி சூடு தேங்குகிறது என்று பொருள். சினிபெஞ்ச் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். கேமில் 3060 தன் பங்குக்கு 170 வாட் வரை சூட்டை அதே பெட்டிக்குள் கொட்டும், ப்ராசசர் கூலர் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் உறிஞ்சும். அதனால்தான் இரண்டையும் தனித்தனியே அளக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று: சும்மா இருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியூ 1 முதல் 3 சதவீதத்துக்குள் இருக்கிறதா பாருங்கள். கிராக் கேம்களோடு வரும், திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனர் புரோகிராம்கள் சில, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் ஒளிந்துகொள்ளும். அதனால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வாட்டையும் ஒப்பிடுங்கள்.

தறித்தெரு

அளந்தாச்சு. எல்லாத்துக்கும் அறை 36.

சினிபெஞ்ச், மூடி: ஆரம்பத்திலேயே 125 வாட் தாண்டுது, சில நொடியில் 100 டிகிரி. அப்புறம் 95 வாட்டுக்கு இறங்கி 100-லேயே நிக்குது. த்ராட்லிங் எஸ். திறந்து: அதே 100, ஆனால் 104 வாட் தாங்குது.

கேம், மூடி: 85 வாட், 97 முதல் 100. திறந்து: 85 வாட், 88 டிகிரி. ஃபேன் எப்பவும் 3000 ஆர்பிஎம் பக்கம். சும்மா இருக்கும்போது சிபியூ 2 சதவீதம், வாட்டும் கம்மிதான்.

வாட்கணக்கு

ரொம்பத் தெளிவான எண்கள். மூன்று குறையும் சேர்ந்து இருக்கிறது.

கேமில் திறந்தால் 10 டிகிரி இறங்குகிறது: கேபினட் காற்று. திறந்து வைத்தும் 104 வாட்டுக்கு மேல் தாங்கவில்லை, அதாவது அறையைவிட 64 டிகிரி கூடுதல்: சின்னக் கூலர்தான் என்றாலும், சுத்தமாக இருந்தால் இதைவிட நன்றாகச் செய்ய வேண்டும். எனவே அடைப்பு, பேஸ்ட், கூலரைப் போர்டில் பூட்டும் பின் (pin) மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது, போர்டின் பவர் லிமிட், அதாவது ப்ராசசர் எத்தனை வாட் வரை எடுக்கலாம் என்ற வரம்பு. கழற்றிச் சுத்தம் செய்வதை முதலில் முடியுங்கள். அது சரியாகாமல் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) கை வைத்தால் குறை மறைந்துதான் போகும், தீராது.

ஸ்க்ரூடிரைவர்_திருநகர்

செல்லூர், தறித்தெருன்னு சொன்னதுமே பாதி தெரிஞ்சுபோச்சு. மண் தூசியும் தறிப் பஞ்சும் ஒண்ணில்லை. மண் தூசி ஊதினால் பறந்திரும். பஞ்சு இழை கூலர் ஃபேனுக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கு மேலே, கம்பளி மாதிரி ஒட்டிப் படிஞ்சிரும். ஃபேன் மேலே மறைச்சு நிக்கிறதால வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஃபேன் 3000-ல சுத்தும், காத்து மட்டும் தகட்டுக்குள்ள இறங்காது. வெளியிலிருந்து ப்ளோயர் அடிச்சால் அந்தப் பஞ்சு இன்னும் உள்ளே போய் இறுகும். அதனால கூலரைக் கழட்டித்தான் ஆகணும். எப்படியும் பேஸ்ட் மாத்தப் போறீங்க.

முதல்ல அஞ்சு நிமிஷம் மெஷினை ஓட விடுங்க, பேஸ்ட் இளகும். ஷட் டவுன் பண்ணி, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருதடவை அமுக்கி மிச்சக் கரண்டை வெளியேத்துங்க. கேபினட்டைப் படுக்கப் போடுங்க, போர்டு மேலே பார்க்கணும். ஃபேன் ஒயரைக் கழட்டுங்க. நாலு மூலையிலும் கறுப்புப் பின் தலை இருக்கும், அதில் அம்புக்குறி செதுக்கியிருக்கும். அம்பு காட்டுற திசையில் 90 டிகிரி திருப்பினால் பூட்டு விடும், அப்புறம் மேலே இழுக்கணும். நாலும் விட்டதும் கூலரை இப்படியும் அப்படியும் லேசாத் திருகித் தூக்குங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் ரைசன் ப்ராசசர் வச்சிருந்தால் இந்த இடத்தில் ரொம்பக் கவனம். அதில் பின்கள் ப்ராசசர் அடியில் இருக்கும். காய்ந்த பேஸ்டோடு நேரா மேலே இழுத்தால் ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிட்டு வரும், பின் வளையும். சூடா இருக்கும்போது திருகித்தான் எடுக்கணும். இவரோடது மாதிரி இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இரும்புச் சட்டம் ப்ராசசரைப் பிடிச்சிருக்கும், அந்தப் பயம் இல்லை.

சுத்தம் பண்றதுக்குப் பெயின்ட் பிரஷ், அப்புறம் சின்ன எலக்ட்ரிக் ப்ளோயர். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கங்க, காத்தில் தாறுமாறாச் சுத்த விட்டால் பேரிங் போகும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் கொண்டுபோய் அடிக்காதீங்க: அந்தக் காத்தில் தண்ணியும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும், அழுத்தமும் அதிகம்.

பழைய பேஸ்டைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். டவுன் ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்க. சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், படலம் நிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். நூல் உதிராத துணியில் தொட்டு, ப்ராசசர் மேல்தகடும் கூலர் அடியும் பளிச்சுன்னு தெரியிற வரை துடைங்க.

பேஸ்ட் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 மாதிரி ஏதாவது, 4 கிராம் டியூப் பல தடவைக்கு வரும். இந்த ப்ராசசர் சதுரம் இல்லை, நீளவாட்டம். நடுவில் ஒரே பொட்டு வச்சால் ரெண்டு ஓரமும் காயும். நீளவாட்டத்தில் ஒரு மெல்லிய கோடு போடுங்க, ஓரத்துக்கு அரை சென்டிமீட்டர் முன்னாடி நிறுத்துங்க. கூலர் அழுத்தம் மீதியைப் பார்த்துக்கும். அதிகமாப் போட்டால் குளிராது, வழியத்தான் செய்யும்.

இப்பத்தான் முக்கியமான இடம். திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி நாலு பின் தலையையும் அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பி, பழைய நிலைக்குக் கொண்டுவரணும். இதை மறந்தால் பின் அமுங்கும், பூட்டாது. அப்புறம் எதிரெதிர் மூலையா அமுக்குங்க: மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது. ஒவ்வொண்ணுக்கும் டக்குன்னு சத்தம் வரணும். கேபினட்டின் பின்பக்கப் பலகையைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க: நாலு ஓட்டையிலும் வெள்ளைக் கால் ரெண்டாப் பிரிஞ்சு, நடுவில் கறுப்புப் பின் எட்டிப் பார்க்கணும். ஒண்ணு அரைகுறையா நின்னாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கும், அந்தப் பக்கத்துக் கோர் மட்டும் பத்து டிகிரி கூடக் காட்டும். இந்த வகைக் கூலரில் அடிக்கடி வர்ற கோளாறு இதுதான்.

குளிர்காற்று

இவ்வளவு பாடு எதுக்கு? 240 மில்லிமீட்டர் ஏஐஓ (ரெடிமேட் வாட்டர் கூலர்) ஒண்ணு போட்டால் முடிஞ்சது.

வாட்கணக்கு

முடியாது. வாட்டர் கூலரின் ரேடியேட்டரும் அதே அறைக் காற்றில்தான் ஆறுகிறது. அறையைவிடக் குளிராக அதனால் ஆக முடியாது. முன் கண்ணாடிக்குப் பின்னால் ரேடியேட்டரை வைத்தால் காற்றே கிடைக்காமல் அதுவும் திணறும், பஞ்சும் அதில் முதலில் படியும். ப்ராசசரின் முழு 180 வாட்டையும் மணிக்கணக்கில் எடுக்கும் வேலை, அதாவது ரெண்டரிங், இருந்தால் ஏஐஓவைப் பற்றிப் பேசலாம். கேமில் எடுப்பது 85 வாட். அதற்கு அது அதிகப்படி.

இப்போது பவர் லிமிட். 12700எஃப்-க்கு இன்டெல் சொல்லும் அடிப்படை 65 வாட், டர்போ உச்சம் 180 வாட். இன்டெல் கணக்குப்படி 180 என்பது கொஞ்ச நேரத்துக்குத்தான், பிறகு 65-க்கு இறங்க வேண்டும். பி660 போர்டுகள் பலவற்றில் இந்த நேரக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டே வருகிறது. பெரிய கூலர் இருந்தால் அது லாபம். பெட்டிக் கூலர் இருந்தால் நேராக 100-ல் போய் முட்டும், உங்களுக்கு நடப்பது இதுவே.

பயாஸில் லாங் டியூரேஷன் பவர் லிமிட் அல்லது பேக்கேஜ் பவர் லிமிட் 1 என்று இருக்கும். அதில் 85. ஷார்ட் டியூரேஷன் அல்லது லிமிட் 2-இல் 110. நேரம், டைம் விண்டோ, 28 நொடி. எம்எஸ்ஐ போர்டுகளில் சிபியூ கூலர் ட்யூனிங் என்ற இடத்தில் பாக்ஸ்டு, டவர், வாட்டர் என்று மூன்று தேர்வு வரும். அங்கே பாக்ஸ்டு எடுத்துவிட்டு, பிறகு எண்களைக் கையால் மாற்றலாம். 85 வாட்டில் உங்கள் கேமுக்கு இழப்பு ஏதும் தெரியாது, ஏனென்றால் அது எடுப்பதே அவ்வளவுதான். சினிபெஞ்ச் மதிப்பெண் குறையும், அது குறைந்தால் பரவாயில்லை.

விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட் 99 சதவீதம் வைக்கச் சொல்லி நிறைய வீடியோ இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். டர்போவே அணைந்து 2.1 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தின் பக்கம் போய்விடும். சூடு குறையும், கேமும் கூடவே படுத்துவிடும்.

கடைசியாக, 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 80 எஃப்பிஎஸ் வீண். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் 60 வையுங்கள். ப்ராசசரும் கார்டும் சேர்ந்தே வாட் குறைக்கும். கார்டு குறைக்கும் ஒவ்வொரு வாட்டும் கேபினட்டுக்குள் கொட்டாத சூடு.

மேலமாசி_ஃபேன்

கேபினட் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதை நான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். டேபிள் தயாரிப்பவர்கள் அந்த அறையைப் பழைய சின்ன கேபினட்டுகளை நினைத்துச் செய்கிறார்கள். பின்னால் வெளியேறும் காற்று சுவரில் அடித்துத் திரும்ப முன்னால் வந்து, அதே காற்றே சுற்றிச் சுற்றி வரும். வெளியே வைத்தாலும் சுவருக்கும் கேபினட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி வேண்டும்.

அடுத்து ஃபேன் திசை. ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் தெரிகிறதோ, காற்று அந்தப் பக்கமாக வெளியேறும். முன் மூன்றும் உள்ளே இழுக்க வேண்டும், பின்னது வெளியே தள்ள வேண்டும். ஆர்ஜிபி வெளிச்சம் அழகாகத் தெரிய வேண்டும் என்று முன் ஃபேனைத் திருப்பி மாட்டிய மெஷின்களும் இருக்கின்றன. ஒரு டிஷ்யூ தாளை முன் இடுக்கில் பிடித்தால் தெரிந்துவிடும்: ஒட்ட வேண்டும்.

முன் கண்ணாடியை ஒருமுறை கழற்றி வைத்துக் கேமை ஓட்டுங்கள். பக்கப் பலகை திறந்தபோது இறங்கிய அளவுக்கு இதிலும் இறங்கினால், கண்ணாடிதான் மூச்சை அடைக்கிறது. அப்போது நிரந்தரத் தீர்வு: கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டுவது. கொசுவலை மண் தூசியை நிறுத்தாது, ஆனால் தறிப் பஞ்சை நன்றாகப் பிடிக்கும், காற்றையும் அதிகம் தடுக்காது. வாரம் ஒருமுறை கழற்றி உதறி, அலசிக் காயவைத்து மாட்டுங்கள். பக்கப் பலகையை நிரந்தரமாகத் திறந்து வைப்பது உங்கள் தெருவுக்கு ஆகாது, பஞ்சு நேராகக் கூலரில் போய் உட்காரும்.

ஏர் கூலரைக் கேபினட்டுக்கு நேராக வைக்கும் பழக்கம் மதுரையில் நிறைய வீடுகளில் உண்டு. அது வேண்டாம். அறை மூடியிருந்தால் ஈரம் ஏறிக்கொண்டே போகும், போர் தண்ணீரின் உப்பு நுண்துளியோடு போய்ப் போர்டில் வெள்ளையாகப் படியும். பஞ்சும் ஈரமும் சேர்ந்தால் தகட்டு இடுக்கில் களிமண் போல் இறுகும். சாதா டேபிள் ஃபேனை முன்பக்கம் பார்த்து வைப்பது எவ்வளவோ மேல்.

மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கும் தளம் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். வெயில் சாய்ந்துவிட்டதே என்று எண்ண வேண்டாம், தெர்மாமீட்டரைப் பாருங்கள். விடிகாலையில்தான் அந்த அறை உண்மையில் ஆறும்.

தறித்தெரு

கூலரைக் கழட்டிப் பார்த்தேன். ஃபேனுக்கு அடியில் பஞ்சு மெத்தை மாதிரி இருந்துச்சு. கீழ் வலது பின் பாதிதான் பூட்டியிருந்துச்சு. பேஸ்ட் ஓரத்தில் பொடியா உதிர்ந்துச்சு. எல்லாம் சரிபண்ணி, மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, கண்ணாடிக்குப் பதிலா கொசுவலை கட்டி, லிமிட் 85-க்கும் 110-க்கும் வச்சாச்சு. அறை அதே 36-ல, மூடிய கேபினட்டில் சினிபெஞ்ச் பத்து நிமிஷ முடிவில் 85 வாட், 83 டிகிரி. கேம் 60 எஃப்பிஎஸ்-ல 60 வாட் பக்கம், 74 டிகிரி. த்ராட்லிங் நோ. எஃப்பிஎஸ் ஆடவே இல்லை.

கத்திரி வெயிலில் அறை 39 வரை போகும். அதுக்கு வேற கூலர் வாங்கணுமா?

வாட்கணக்கு

கேமுக்கு வேண்டியதில்லை. அறை 3 டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறக்குறைய 3 ஏறும், 77. நிறைய இடம் இருக்கிறது.

வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் செய்யத் தொடங்கினால் மட்டும் நாலு ஹீட் பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலர் வாங்குங்கள். டீப்கூல் ஏகே400 அந்த வகை, உயரம் 155 மில்லிமீட்டர். உங்கள் கேபினட் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை இடம் தருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய கூலர் யாராவது கொடுத்தால் எல்ஜிஏ1700 கிட் இருக்கிறதா என்று கேளுங்கள்: இதற்கு முந்தைய எல்ஜிஏ1200-இல் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், இதில் 78, நேராகப் பொருந்தாது.

இப்போது கிடைத்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 85 வாட்டில் அறையைவிட 47 டிகிரி கூடுதல். மாதம் ஒருமுறை அதே சினிபெஞ்சை ஓட்டி, அறை வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். 55-ஐத் தாண்டினால் பஞ்சு சேர்ந்துவிட்டது, முதலில் கொசுவலையையும் அடுத்துக் கூலர் தகட்டையும் பாருங்கள். ஒரே நாளில் திடீரென்று தாண்டினால் பஞ்சு அல்ல, பின் விட்டிருக்கும்.